துருப்பிடித்த நட்டும் சேரிப் பையன்களும்

சென்னை மோட்டார் தொழிலுக்கு ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. 1903-இல் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் கட்டினார். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மண்வாரும் எந்திரங்கள் செய்தது. 1998 முதல் அங்கே மிட்சுபிஷி லான்சர் காரும் செய்தார்கள். முதலாளி பெயர், வெள்ளைக்காரன் பெயர், ஒப்பந்தம் போட்ட வருஷம் எல்லாம் புத்தகத்தில் கிடைக்கிறது.

ஆனால் ஒரு கார் ஒரு தடவைதான் செய்யப்படுகிறது. அப்புறம் முப்பது வருஷம், நாற்பது வருஷம் அதை ரிப்பேர் செய்துகொண்டே இருக்கணும். அதுவும் 1991-க்கு முந்தைய காலத்தில் புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய காரை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அந்தக் கார்களை ஓடவைத்த கைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது அந்த வேலையில் ஒரு சின்னப் பகுதியை மட்டும். துருப்பிடித்து இறுகிப்போன நட்டை, போல்ட்டை, டிரம்மை, பிஸ்டனைக் கழற்றுகிற வேலை. இதைப் போய் ஒரு கட்டுரையா எழுதணுமா என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். 1974 முதல் 1985 வரை நான் செய்த வேலை இது. எழுதத்தான் வேண்டும்.

1

நாங்கள் எப்படி மோட்டார் ஷெட்டுக்கு வந்தோம் என்பதை முதலில் சொல்கிறேன்.

இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்வது 1997-இல் பிரிந்தது. அதற்கு முன்னால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றித்தான் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களுக்கு என்ன ஆனது என்பது இந்த இதழை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்ததும் அந்த நிலத்துக்காகத்தான். எங்கள் நைனாவிடம் ஒரு சென்ட் நிலமும் இல்லை. பண்ணையில் படியாள். மழை பொய்த்த வருஷம் அந்த வேலையும் இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது ஜி.என்.டி. ரோடு. கல்கத்தா வரை போகிற ரோடு. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச் சாவடி என்று லாரி நிற்கிற இடமெல்லாம் டீக்கடையும் பஞ்சர் கடையும் ஷெட்டும் முளைத்தன. பெரியப்பா லாரியில் கிளீனராகப் போய், கையொடிந்து திரும்பிவந்து, ஒரு ஷெட்டில் சேர்ந்தவர். என்னை அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வயசு பன்னிரண்டு. ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. கொல்லன் மகன் உலைக்களத்துக்குப் போவான், எங்களுக்கு செத்த மாடு என்பதுதான் அதன் கணக்கு. எங்கள் ஊரில் இரும்பு ஆசாரி வீட்டுச் சொத்து. அறுவடைக் கூலி நெல்லில் பங்கு கொடுத்து அரிவாள் அடித்து வாங்கலாம், உலைக்களத்துக்குள்ளே கால் வைக்கமுடியாது. மோட்டார் வண்டிக்கு அப்படி ஒரு குலம் கிடையாது. காரை ரிப்பேர் செய்வது யாருடைய பாட்டன் தொழிலும் இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் சேரிப் பையன்கள் இரும்பைத் தொட்டார்கள்.

ஆனால் உள்ளே வந்தால் அங்கேயும் மேல் கீழ் இருந்தது. கார்புரேட்டர் டியூன் பண்ணுவது, என்ஜின் சத்தம் கேட்டு என்ன கோளாறு என்று சொல்வது, ஓனரிடம் பேசுவது மேஸ்திரி வேலை. எலக்ட்ரிக் வேலைக்குத் தனி ஆள். குழியில் இறங்கிப் படுத்து, சேற்றையும் கிரீஸையும் வழித்து, துருப்பிடித்ததைக் கழற்றிக் கொடுப்பது ஹெல்பர் வேலை. நான் வேலை செய்த மூன்று ஷெட்டிலும் குழியில் படுத்தவர்கள் நாங்களும் எங்களைப் போன்றவர்களும்தான். வேலைகள் தனித்தனி என்பதில் தப்பில்லை. எந்த வேலைக்கு எந்த ஆள் என்று பிறக்கும்போதே முடிவாகிறதே, அதைத்தான் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் தோலுரித்தார். குலமே இல்லாத புதுத் தொழிலுக்குள்ளும் அது ஒரு தலைமுறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

2

இனி வேலையைச் சொல்கிறேன்.

இந்தப் பக்கம் காற்றே உப்பு. கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே அத்திப்பட்டு உப்பளங்கள். இரும்பும் காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் துரு ஓட்டமாக ஓடும். மீஞ்சூர், பொன்னேரி பக்கத்திலிருந்து வருகிற காரை அடியில் படுத்துப் பார்த்தாலே எந்த ஊர் வண்டி என்று தெரியும்.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் மரையில் இருப்பது மயிரிழை இடைவெளி. அதற்குள்ளே துரு ஊதினால் நட்டு ஆப்பு வைத்ததுபோல் இறுகும். பலத்தைக் காட்டினால் போல்ட் முறியும். பலத்தில் நடக்கிற வேலை இல்லை இது.

முதல் நாள் பெரியப்பா என்னிடம் கொடுத்தது கம்பி பிரஷும் ஒரு தகர டப்பா கிருஷ்ணாயிலும். வெளியே தெரிகிற மரையைப் பளபளவென்று தேய்க்கணும். மண்ணும் துருவும் மரையில் இருந்தால் கழன்று வருகிற நட்டு அதில் மோதி மறுபடி இறுகும். தேய்த்த பிறகு கிருஷ்ணாயிலில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் கலந்து ஊற்றி, சுத்தியலால் நட்டின் பக்கத்தில் சின்னச் சின்னதாகத் தட்டணும். தட்டுகிற அதிர்வில் துரு விரிசல் விடும். விரிசலில் எண்ணெய் இறங்கும். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி தட்டணும்.

முதல் தடவை நான் ஸ்பேனரை மாட்டி மூச்சுப் பிடித்து இழுத்தேன். பெரியப்பா தலையில் தட்டினார்.

"இன்னாடா, கெணத்துல தண்ணி எறைக்கிறியா? மொதல்ல இறுக்குடா."

"கழட்டணும்னுதானே பெரியப்பா சொன்னே?"

"கழட்டத்தான் இறுக்கச் சொல்றேன். கொஞ்சூண்டு இறுக்கு. துரு பொடியும். அப்பால கழட்டு. கால் சுத்து வந்தா அரைச் சுத்து திருப்பிப் போ. எண்ணெய் உடு. மறுபடி வா."

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு இன்றைக்கும் கையில் இருக்கிறது. "கெட்டியா இருந்தா பயமில்ல. ரப்பர் மாதிரி இழுத்துக்கினே வருது பார், அப்ப நிறுத்திடு. நட்டு சுத்தலை, போல்ட்டு முறுங்குது." இரும்பு இளகி நீளுவதைக் கை முதலில் அறியும். கண்ணுக்குத் தெரியும்போது போல்ட் இரண்டாகியிருக்கும்.

எண்ணெய்க்கு மசியாததற்கு நெருப்பு. கேஸ் வெல்டிங் டார்ச்சால் நட்டை மட்டும் சுற்றிச் சூடேற்றணும், போல்ட்டை இல்லை. இரும்பு சூட்டில் விரியும். நட்டின் ஓட்டையும் விரியும். கணக்குப் போட்டால், 20 மில்லிமீட்டர் ஓட்டை 300 டிகிரி சூடு ஏறினால் 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமயிர்க் கனம்தான். அந்த மயிர்க்கனம் போதும் துருவின் பிடி விட. சூடு கொஞ்சம் தணிந்ததும் மெழுகுவத்தியை நட்டின் ஓரத்தில் வைத்தால் உருகி மரைக்குள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் டாங்க் பக்கத்திலும் ரப்பர் புஷ் பக்கத்திலும் டார்ச்சைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே எண்ணெயும் பொறுமையும்தான்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால், மேலே ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் பிடிக்கணும். வெல்டிங் சூடே துருவை உடைக்கும். நட்டைப் பிடித்துத் திருப்பலாம். வருஷக்கணக்கில் நின்ற அம்பாசிடரில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியாக டீசலும் விளக்கெண்ணெயும் ஊற்றி மூன்று நாள் விடணும். அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னே ஒரு விரல் தூரம், பின்னே ஒரு விரல் தூரம் தள்ளணும். அவசரப்பட்டு ஹாண்டில் போட்டு ஒரே பக்கமாகச் சுத்தினால் ரிங் உடையும். ஒரு வண்டிக்கு இப்படி ஆறு நாள் தள்ளியிருக்கிறோம். ஏழாம் நாள் 'கிளுக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டு நாங்கள் குழியில் ஆடினோம்.

ஸ்பேனர் கதையும் இதில் சேரும். இங்கிலாந்தில் 1841-இல் விட்வொர்த் மரைக்கு ஒரு பொது அளவு கொண்டுவந்தான். 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் வேறொரு பொது அளவுக்கு ஒப்புக்கொண்டன. இந்தியா 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. இத்தனை மாற்றமும் எங்கள் ஷெட்டில் ஒரே நேரத்தில் வந்து நின்றது. பழைய லாரியில் விட்வொர்த், அம்பாசிடரிலும் ஹெரால்டிலும் இஞ்ச், ஃபியட்டில் மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் நட்டுக்கு 19 எம்.எம். ஸ்பேனர் சரியாக உட்காரும். அரை இஞ்ச் நட்டு 12.7 எம்.எம்.; அதற்கு 13 போட்டால் நட்டின் முனை உருண்டுபோகும். நல்ல ஸ்பேனர் செட் மேஸ்திரி பெட்டியில் பூட்டியிருக்கும். எங்களுக்குக் கிடைத்தது வாய் அகன்ற பழையது. நட்டு உருண்டால் அடி எங்களுக்கு. பிளேடு துண்டை நட்டின் பக்கத்தில் செருகி இடைவெளியை அடைப்பது அப்படித்தான் நாங்களாகக் கண்டுபிடித்தோம்.

இன்றைக்குக் கடைக்குக் கடை நீல டப்பாவில் டபிள்யூ.டி-40 விற்கிறது. 1953-இல் அமெரிக்காவில் சான் டியாகோவில், ராக்கெட்டின் உலோகத்தில் ஈரம் தங்காமல் இருக்கக் கண்டுபிடித்தது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததாம்; அதனால்தான் பெயரில் 40. அவர்கள் தோற்ற முப்பத்தொன்பது தடவையும் டப்பாவின் மேல் பெயராக நிற்கிறது. எங்கள் தகர டப்பாவில் எதுவும் எழுதவில்லை. எண்ணெய் விகிதத்தைப் பெரியப்பா மூக்கால் பார்த்துக் கலப்பார்.

3

இந்த வேலை எங்கள் உடம்பில் எழுதியதையும் பதிவு செய்யணும்.

ராத்திரி கை கழுவுவது பெட்ரோலில். அப்போதைய பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அந்த ஈயக் கலவை தோல் வழியாகவே உடம்புக்குள்ளே போகக்கூடியது. 1995-இல்தான் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000-இல். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் மாதிரி தூசி. வாயால் ஊதித்தான் சுத்தம் பண்ணுவோம். அந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலைத் தின்னும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கிருஷ்ணாயில் பட்டுப்பட்டு விரல் சந்தெல்லாம் வெடிக்கும். பெரியப்பா கடைசி நாலு வருஷம் இருமிக்கொண்டே கிடந்தார். எந்த டாக்டரும் அவரிடம் என்ன வேலை செய்தீங்க என்று கேட்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. எங்களுக்குத் தனி கிளாஸ். ஒருநாள் நான் மேஸ்திரி கிளாஸை எடுத்துவிட்டேன். கடைக்காரர், "கை கறுப்பா கீது, அத எடுக்காதே" என்றார். மேஸ்திரி கையும் அன்றைக்கு என் கை மாதிரியே கறுப்பு. மறுநாள் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். அதே தனி கிளாஸ்தான் வந்தது.

4

1977-இல் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

எங்கள் ஷெட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு சர்வீஸுக்கு வரும். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில், கீழே ஒரு பித்தளைத் துண்டு, அதில் மரை. மேலேயிருந்து வருகிற இரும்புத் தண்டு அந்த மரையில் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழலும். மேஸ்திரி சொன்னது: "எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிடா." அடித்தேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அடித்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

ஒருநாள் பொன்னேரி போகிற வழியில் வளைவில் அந்தத் தண்டு முறிந்து முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. வண்டி வயலில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஓனர் ஷெட்டுக்கு வந்தார். மேஸ்திரி என்னைக் காட்டினார். நாலு பேர் பார்க்க அடி. அடியைவிட, "சேரிப் பசங்க கையில வண்டியக் கொடுத்தா இப்படித்தான்" என்ற பேச்சு. இரண்டு மாசக் கூலி பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா முறிந்த தண்டை எடுத்துப் பார்த்தார். முறிந்த இடத்தில் பழைய துரு. "இது இன்னிக்கு ஒடைஞ்சது இல்லடா. உள்ள ரொம்ப நாளா தண்ணி நின்னுருக்கு. கிரீஸ் அடிச்சும் எப்படித் தண்ணி நிக்கும்?" என்றார். அவருக்கும் பதில் தெரியவில்லை. நான் கை சரியில்லாதவன் என்று நானே நம்பினேன்.

1983-இல் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் ஹெரால்டு காரின் ஆங்கிலக் கையேடு கிடைத்தது. மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் எங்கெங்கே எதை ஊற்றணும் என்று படம் போட்டிருந்தார்கள். அந்தக் கீழ் மூட்டுக்கு அம்பு போட்டு, கிரீஸ் இல்லை, கியர் ஆயில் என்று காட்டியிருந்தது. சேரியில் காலேஜ் படித்த தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதேதான். அப்புறம் எனக்குக் காரணமும் விளங்கியது: கிரீஸ் கெட்டி, மரையின் அடிவரை இறங்காது, அடியில் தண்ணீர் தேங்கும், தண்டு உள்ளேயே துருப்பிடித்துத் தேய்ந்து முறியும். ஆறு வருஷமாக நான் சுமந்த குற்றம் என்னுடையது இல்லை. அந்தக் கையேட்டில் ஒன்று வண்டியின் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருந்திருக்கும். குழியில் கிடப்பவனுக்கு அதை யார் காட்டுவார்கள்?

புத்தகத்தை மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "புக்கு படிச்சவன்லாம் மெக்கானிக் ஆயிட்டா நாங்க இன்னாத்துக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து ஹெரால்டு வந்தால் அந்த நிப்பிளுக்கு ஆயில்தான் விடச் சொன்னார். பிடித்த கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் புத்தகத்தை முழுக்க வாசிக்கவைத்துக் கேட்டேன். அதில் இன்னொன்றும் தெரிந்தது. 'போல்ட்டைக் கழற்றவும்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. போல்ட் கழலாவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. புதுப் போல்ட்டை மனசில் வைத்து இங்கிலாந்தில் எழுதிய புத்தகம். உப்புக் காற்றில் பதினைந்து வருஷம் ஊறிய போல்ட்டைப் பற்றி அதற்குத் தெரியாது. அது பெரியப்பாவுக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்ததை எங்களுக்குக் கொடுக்கவில்லை; எங்களிடம் இருந்ததைப் புத்தகத்தில் சேர்க்கவும் இல்லை. இரண்டும் ஒரே காரணத்தால் நடந்தவை.

1985-இல் ஒரு பெரிய கம்பெனி கேட்டில் ஃபிட்டர் வேலைக்கு நின்றேன். ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கேட்டார்கள். பதினோரு வருஷம் என்றேன். "பேப்பர் இருக்கா?" என்றார்கள். இல்லை. ஷெட்டு வேலையும் அத்தோடு விட்டேன்.

5

தோழர்களே, சாதியைத் துருவோடு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. வேண்டாம். துரு தானாக வருவது. இரும்பு, காற்று, தண்ணீர் இருந்தால் போதும், யார்மீதும் குற்றமில்லை. சாதி அப்படித் தானாக வந்து படிந்தது இல்லை. கிளாஸை மாற்றி வைத்தது ஒரு கை. ஸ்பேனர் பெட்டியைப் பூட்டியது ஒரு கை. கூலியைப் பிடித்ததும் ஒரு கை. கிருஷ்ணாயில் ஊற்றி ஊறவைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் அது கழலும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறுமை இரும்புக்கு.

அந்தக் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஹெரால்டு எப்போதோ போய்விட்டது. அம்பாசிடர் செய்வது 2014 மே மாதத்தோடு நின்றது. 2021-இல் பழைய வண்டிகளை உடைப்பதற்கென்றே மத்திய அரசு கொள்கை கொண்டுவந்தது. சென்னை புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட இரும்பு லாரி ஏறி வடக்கே வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிற உலைகள் இருக்கின்றன. நாங்கள் ஆறு நாள் தள்ளி உயிர் கொடுத்த என்ஜினும், உருண்டுபோன நட்டும், பெரியப்பா உளியால் பிளந்த போல்ட்டும் எல்லாம் ஒரே உலையில் போய்க் கம்பியாகின்றன. இரும்பு மறுபடி பிறந்துவிடும். அதைக் கழற்றத் தெரிந்த கையின் அறிவு அப்படிப் பிறக்காது.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நைனா, மாமா, பெரியப்பா யாராவது ஷெட்டில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், லேத் பட்டறையில் இருந்திருப்பார்கள். நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். கஷ்டத்தை மட்டும் கேட்காதீர்கள்; வேலையைக் கேளுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு சூடு, கையில் எப்படித் தெரியும் என்று கேட்டு அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எழுதியவர் பெயருக்கு மேலே சொன்னவர் பெயரைப் போடுங்கள்.

பெரியப்பாவின் கம்பி பிரஷ் இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பி பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. கட்டையில் அவர் பெருவிரல் பிடித்த இடம் குழிந்திருக்கிறது.